ஏறிய முள் இறங்கினால்

"ரெண்டு லேப்தானே மச்சான் பாக்கி? ஓட்டி முடிச்சிருக்கலாமே!"

ஞாயிறு சாயங்காலம் பேடாக்கில், அதாவது பந்தய வண்டிகளை நிறுத்தி வேலை பார்க்கும் இடத்தில் வைத்து நண்பன் கேட்டது இது. குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. பத்துச் சுற்றுப் பந்தயத்தில் எட்டாவது சுற்றை முடிக்கப்போகிறவன், மூன்றாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தவன், வண்டியில் தீப்பிடிக்காமல், டயர் வெடிக்காமல், யாரும் வந்து இடிக்காமல், தானாகவே எஞ்சினை அணைத்துவிட்டு ஓரமாகப் புல்லில் போய் நின்றால் யாருக்குத்தான் புரியும்? சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். இரண்டு சுற்று என்றால் ஏழரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எங்கள் வகுப்பு வண்டிகளுக்கு அது நாலு நிமிடச் சொச்சம். ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் கொடி விழுந்திருக்கும், கோப்பையும் கைக்கு வந்திருக்கும்.

அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அலுவலகத்தில் கேட்டவர்களிடம் "எஞ்சின் போயிடும்னு நிறுத்திட்டேன்" என்றேன். வீட்டில் கேட்டபோது "பாதுகாப்புக்காக" என்றேன், அது கேட்பவருக்குப் பிடித்த பதில். இரண்டும் பொய்யில்லை, ஆனால் இரண்டுமே முழுப் பதிலும் இல்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நண்பனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவனும் பந்தயம் ஓட்டுகிறவன்தான், என்னைவிட வேகமானவன். ஆனால் அவன் ஓட்டுவது வாடகை சீட். வகுப்பில் உள்ள எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி, பராமரிப்பதற்கு ஏற்பாட்டாளர்களின் ஆட்கள். சீசனுக்குப் பணம் கட்டிவிட்டு ஹெல்மெட்டும் சூட்டுமாக வந்தால் போதும். ஏறி உட்கார்ந்தால் ஒருவர் பெல்ட்டை இறுக்கிவிடுவார், இறங்கினால் ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். வண்டிக்குள் என்ன நடக்கிறது என்பது லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொருவரின் கவலை. நானோ ஒரு பழைய மாருதி எஸ்டீமைக் கட்டிக்கொண்டு அழுகிறவன். 2007இலேயே தயாரிப்பை நிறுத்திவிட்ட வண்டி. 1298 சிசி, கம்பெனியிலிருந்து வந்தபோது 85 குதிரைத்திறன். கவிழ்ந்தால் காப்பாற்றும் இரும்புக் கூடான ரோல் கேஜ் வைத்து, பின் சீட்டைக் கழற்றி, கதவுக்குள் இருந்த ஜன்னல் மோட்டாரைக்கூட எடைக்காகப் பிடுங்கிப் போட்ட வண்டி. இதைப் பராமரிப்பது நானும் பாயும்தான்.

பாய்க்குச் சென்னை பாடியில் பட்டறை. வார நாட்களில் ஊர்க்காரர்களின் குடும்ப வண்டிகளுக்கு பிரேக்கும் கிளட்சும் மாற்றுகிறவர். சிறுவயதில் சோழவரம் பந்தயத்தில் யாரோ ஒருவருடைய ஃபியட்டுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் போய் இந்தக் கிறுக்கு பிடித்தது என்பார்.

கிழிந்த பூட்

வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஓட்டத்திலேயே தொல்லை ஆரம்பித்துவிட்டது. உள்ளே வந்து நிறுத்தியதும் இடது முன்சக்கரத்துப் பக்கம் தீய்ந்த வாடை. குனிந்து பார்த்தால் ரிம்மின் உட்புறமெல்லாம் கறுப்பு கிரீஸ், பிரேக் காலிப்பர் மேலும் அதுவே தெறித்து வெந்துகொண்டிருந்தது. எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளிப்பக்க ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் வட்டமாகக் கிழிந்துபோயிருந்தது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெல்ல நகர்த்தினால் டக் டக் என்று சத்தம். பூட்டை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை, ஜாயிண்டே தேய்ந்துவிட்டது, முழு ஷாஃப்ட்டையும் மாற்ற வேண்டும் என்றார் பாய். எங்களிடம் உபரியாக இருந்தது வலப்பக்கத்து ஷாஃப்ட். இப்படித்தான் எப்போதும். எது கைவசம் இருக்கிறதோ அது கெடாது.

புதுப்பேட்டைக்கு போன் போட்டால் ஜும்மா நேரம், எடுக்க ஆளில்லை. பாயும் தொழுகைக்குக் கிளம்பிப்போய்விட்டார். நான் ஜாக்கியில் ஏற்றிய வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஹப் நட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பானர் பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி, அதன் முனையில் நின்று குதித்த பிறகுதான் அசைந்துகொடுத்தது. இரண்டரை மணி வாக்கில் பாய் மடக்கிவிட்ட சட்டைக் கையோடு திரும்பி வந்தார், கையில் செய்தித்தாளில் சுற்றிய ஷாஃப்ட். தொழுகை முடிந்ததும் அப்படியே புதுப்பேட்டைக்குப் போய், அங்கே பிரித்துப் போட்டிருந்த ஏதோ ஒரு எஸ்டீமிலிருந்து கழற்றி வாங்கி வந்திருக்கிறார். சென்னையில் பழைய வண்டி வைத்துப் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்குப் புதுப்பேட்டை இல்லாவிட்டால் கதி கிடையாது. பிடிக்கிறதோ இல்லையோ, அதுதான் எங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்கு.

சனிக்கிழமை ஸ்க்ரூட்னியில், அதாவது பந்தயத்துக்கு முந்தைய வண்டிப் பரிசோதனையில், ஒரு பிரேக் விளக்கு எரியவில்லை என்று நிறுத்தினார்கள். பல்பை மாற்றினோம், விட்டுவிட்டார்கள். தகுதிச்சுற்றில் ஆறாவது. முதல் பந்தயத்தில் நாலாவதாக வந்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆனால் முதல் சுற்றில், மெயின் ஸ்ட்ரெயிட் முடிந்து சி1 திருப்பத்துக்குள் எல்லோரும் ஒரே கும்பலாக நுழைந்தபோது முன்னால் இருந்தவர்கள் திடீரென்று நெருக்கிப் பிரேக் பிடிக்க, நடுவில் மாட்டிய என் வண்டியின் மூக்கு யாருடைய பின்பக்கத்திலோ லேசாக முட்டியது. பம்பர் கொஞ்சம் உள்ளே போனது. கிளப் பந்தயத்தில் இதெல்லாம் கணக்கில்லை. கை குலுக்கிக்கொண்டு போய்விடுவோம்.

மஞ்சள் பொடி

சாயங்காலம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் கீழே ஈரம் தெரிந்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்தார் பாய். தண்ணீர். பெட்ரோலாகவோ ஆயிலாகவோ இல்லையே என்று எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. அவர் முகத்தில் அந்த நிம்மதி இல்லை.

பம்பருக்குப் பின்னால் இருந்த பிராக்கெட் வளைந்து ரேடியேட்டரின் கீழ்மூலையில் ஒரு டியூபைக் கீறியிருந்தது. எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் வியர்வை மாதிரி முத்து முத்தாகக் கசிகிறது. பழைய பித்தளை ரேடியேட்டராக இருந்தால் ஸ்ரீபெரும்புதூரில் யாரையாவது எழுப்பி ஈயம் வைத்துக்கொள்ளலாம். எங்களுடையது அலுமினியம், ஈயம் லேசில் பிடிக்காது. சனி இரவு ஏழரை மணி. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் அடைக்கும் நேரம், மறுநாள் ஞாயிறு. பேடாக்கில் எல்லா டென்ட்டிலும் கேட்டுப் பார்த்தோம். எங்கள் வகுப்பில் பெரும்பாலும் எஸ்டீம்களும் பழைய ஹோண்டா சிட்டிகளும்தான். ஆனாலும் பொருந்துகிற ரேடியேட்டர் யாரிடமும் இல்லை. ஒருவர் தன்னுடைய உபரி ஓஸ்களையும் கிளாம்புகளையும் எடுத்துக் கொடுத்தார். எனக்கு முன்னால் மூன்றாவதாக வந்தவர் அவர்தான். கிளப் பந்தயத்தின் இந்தப் பக்கத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இன்னொரு நாள் பார்ப்போம்.

பாய் கீறிய டியூபை மூக்குப் பிளையரால் நசுக்கி, உப்புத்தாளால் சுரண்டி, எம்-சீல் பிசைந்து அப்பினார். அப்புறம் என்னைப் பார்த்து, "தம்பி, கேன்டீன்ல போயி மஞ்சப்பொடி வாங்கிட்டு வா" என்றார். நெடுஞ்சாலை லாரிக்காரர்களுக்கு இது பழைய வித்தை. ஒழுகுகிற ரேடியேட்டரில் மஞ்சள் பொடியைக் கரைத்து ஊற்றினால் பொடி போய் ஓட்டையில் படிந்து ஊறி அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் டேங்க்கில் கசிந்தால் துணி சோப்பைத் தேய்ப்பார்களே, அந்த வகை வைத்தியம். கேன்டீன்காரர் ஒரு டம்ளரில் போட்டுக் கொடுத்தார், எதற்கு என்று கேட்கவில்லை. பந்தயத் திடலில் சமையல்கட்டு நடத்துகிறவருக்கு எல்லாம் பழக்கம் போலிருக்கிறது.

இதற்குப் பிறகு எங்களுக்குள் நடந்த வாக்குவாதம்தான் அந்த வார இறுதியிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ரேடியேட்டர் மூடியை எவ்வளவு இறுக்குவது? மூடியில் இருக்கும் ஸ்பிரிங், உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. 0.9 பார் அளவுக்குப் பிடித்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 118 வரை தாக்குப்பிடிக்கும். அந்தப் பதினெட்டு டிகிரிதான் ஜூலை மாதத்து மத்தியானத்தில் பந்தயம் ஓட்டுகிறவனின் கையிருப்பு. ஆனால் அதே அழுத்தம் ஒட்டுப்போட்ட இடத்தையும் உள்ளிருந்து தள்ளும். மூடியைப் பாதி மட்டும் திருகி வைத்தால் அழுத்தம் ஏறாது, ஒட்டு பிழைக்கும், ஆனால் நூறிலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். பட்டறைக்காரர்கள் வீட்டுக்குப் போய்ச்சேர வேண்டிய வண்டிக்குப் பாதி இறுக்கத்தைத்தான் சொல்வார்கள். பாயும் அதையே சொன்னார். ஆறாயிரத்துக்கு மேல் சுற்றுகிற எஞ்சினுக்கு அது ஆகாது என்றேன் நான். கூலன்ட்டும் ஊற்ற முடியாது. பந்தயத்தில் வெறும் தண்ணீர்தான் ஊற்றுவோம், கூலன்ட் சிந்தினால் தார் வழுக்கும், பின்னால் வருகிறவன் பறந்துவிடுவான். கடைசியில் முழுக்க இறுக்குவது என்று முடிவானது. இறுக்கிய கையோடு பாய் சொன்னார்:

"ஹீட்டர் இருக்குல்ல, சூடு ஏறுனா அதைத் தொறந்து விட்டுடு. முள்ளு ஏறுனா பாத்துப் பாத்து ஓட்டிக்கலாம். ஏறுன முள்ளு திடீர்னு எறங்குச்சுன்னா யோசிக்காத, ஆஃப் பண்ணிடு."

ஹீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையில் ஓடுகிற காரில் ஹீட்டர் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். பந்தய வண்டி கட்டும்போது முதலில் கழற்றி எறிவது அதைத்தான். பாய் மட்டும் விடவே மாட்டேன் என்றார். எஞ்சினின் சுடுதண்ணீர் ஹீட்டருக்குள்ளும் சுற்றி வருகிறது, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் அது உண்மையில் இரண்டாவது ரேடியேட்டர். ஒரு சின்ன ரேடியேட்டரை எடைக்காகத் தூக்கிப் போடுவாயா என்பது அவர் வாதம்.

காலில் குளிர்ந்த காற்று

ஞாயிறு மத்தியானம். கிரிட்டில் வரிசையாக நிறுத்தி வைத்துக் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் தண்ணீருக்கு மோசமான நேரம். காற்றோட்டம் இல்லை, விசிறி மட்டும் இரைகிறது, தார் அடியிலிருந்து கொதிக்கிறது. டேஷ்போர்டில் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டி நின்றது. விளக்கு அணைந்ததும் கிளம்பினோம். முதல் திருப்பம் யாரும் யாரையும் தொடாமல் முடிந்தது.

நாலாவது இடத்தில் இருந்து முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போனேன். எல்லோரும் செய்வதுதான். முன்வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், அதன் நிழலில் நமக்கு இழுவை குறையும். ஆனால் நிழலில் ஒதுங்குகிறவனுக்குக் காற்றும் கிடைக்காது. ரேடியேட்டர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், உள்ளே போவதோ முன்வண்டி கக்கிய வெந்த காற்று. இரண்டாவது சுற்றில் முள் முக்காலுக்கு ஏறியது. அரை வண்டி அகலம் வெளியே எடுத்து ஓட்டினேன், முள் ஒரு கோடு இறங்கியது. மறுபடி ஒட்டினேன், ஏறியது. இப்படியே ஸ்ட்ரெயிட்டில் வெளியே, திருப்பத்துக்கு முன் உள்ளே என்று ஒரு தாளம் பிடிபட்டது. நாலாவது சுற்றில் முன்னால் இருந்த இருவர் ஒருவரோடு ஒருவர் சண்டை பிடித்துக்கொண்டு அகலமாகப் போக, ஒருவரைத் தாண்டினேன். மூன்றாவது இடம். எனக்கு முன்னால் யாரும் நெருக்கத்தில் இல்லை, சுத்தமான காற்று.

அப்போதும் முள் இறங்கவில்லை. ஐந்தாவது சுற்றில் ஹீட்டரைத் திறந்தேன். ஹெல்மெட், தலைக்குள் தீப்பிடிக்காத முகமூடி, கையுறை, மூன்றடுக்கு சூட். இவ்வளவுக்கும் உள்ளே, ஜூலை மாதத்தில், காலில் அடுப்பைத் திறந்துவிட்டது போல அனல். வலது கால் ஷூவுக்குள் வெந்துகொண்டிருந்தது. ஆனால் முள் நின்றது. கியரை ஆறாயிரத்து ஐந்நூறில் மாற்றுவதை விட்டு ஐயாயிரத்து ஐந்நூறிலேயே மாற்றினேன். ஸ்ட்ரெயிட்டின் கடைசியில் கொஞ்சம் முன்னதாகவே காலை எடுத்தேன், பிரேக்கைக் கொஞ்சம் தாமதமாகப் பிடித்து விட்டதைச் சரிக்கட்டினேன். பின்னால் வந்தவன் நெருங்கினான், ஆனால் தாண்டவில்லை. அவனுக்கு நேர்ப்பாதையில் கிடைத்ததை நான் திருப்பங்களில் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது சுற்றிலிருந்து எட்டாவது வரை நான் ஓட்டியதைப் போல அதற்கு முன் நான் ஓட்டியதில்லை. நேரக் கணக்கில் பார்த்தால் அவை என்னுடைய மெதுவான சுற்றுகள்.

எட்டாவது சுற்றின் பின்பாதியில் காலில் குளிர்ந்த காற்று பட்டது.

உண்மையில் அது குளிர்ந்த காற்று இல்லை, வெளியில் இருந்த வெயில் காற்றுதான். ஆனால் அவ்வளவு நேரம் வெந்த காலுக்கு அது தென்றல். அப்பாடா என்று இருந்தது. உடம்பு தளர்ந்து, ஒரு திருப்பம் முழுக்க அந்தச் சுகத்திலேயே ஓட்டினேன். எஞ்சின் சூடு தணிந்துவிட்டது, பாயின் வைத்தியம் பலித்துவிட்டது என்றுகூட ஒரு எண்ணம் ஓடியது. முள்ளைப் பார்த்தேன். முக்காலில் நின்றது பாதிக்கும் கீழே வந்திருந்தது. எல்லாமே நல்ல செய்தி மாதிரிதான் இருந்தது.

தண்ணீர் இருந்தால்தான் ஹீட்டரில் சூடு வரும். தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தால்தான் சென்சார் சூட்டைச் சரியாகச் சொல்லும். தண்ணீர் வெளியேறி, சென்சார் வெறும் ஆவியில் தொங்கிக்கொண்டிருந்தால் அது குறைத்துத்தான் காட்டும். அந்த நேரத்தில் எஞ்சினுக்குள் உலோகம் எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்று அறியும் வழி எதுவும் டேஷ்போர்டில் கிடையாது. அந்த எஞ்சினில் மேல்மூடியான ஹெட்டும் அலுமினியம், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கும் அலுமினியம். தண்ணீர் இல்லாமல் அது ஓடுகிற ஒவ்வொரு விநாடியும் ஹெட் வளையத் தொடங்கும், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் போகும், பிஸ்டன் விரிந்து சுவரைப் பிடிக்கும்.

இதையெல்லாம் அப்போது நினைத்தேனா? இல்லை. கண்ணாடியில் பின்வண்டியின் மூக்கு தெரிந்தது. முன்னால் டிராக் காவலர்கள் நிற்கும் ஒரு மார்ஷல் போஸ்ட், அதற்குப் பக்கத்தில் ஒதுங்க இடம். கை சுவிட்சுக்குப் போனது. கிளட்சை மிதித்தபடி உருட்டிக்கொண்டே புல்லுக்குள் இறக்கினேன். நாலாவதாக வந்தவன் தாண்டிப் போகும்போது கையைத் தூக்கிக் காட்டினான், நன்றியா அனுதாபமா தெரியவில்லை.

தீயணைப்பானோடு ஓடிவந்த மார்ஷல் கல்லூரிப் பையன். பானட் இடுக்கில் புகை மாதிரி ஆவி. நான் இறங்கி, "தீ இல்லப்பா, தண்ணிதான்" என்றேன். அவன் தீயணைப்பானைத் தாழ்த்தாமலே மூக்கை உறிஞ்சி, "சார், சாம்பார் வாசனை வருது" என்றான்.

சீட்டும் வண்டியும்

நண்பனின் வாதத்தை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பலவீனமான வாதமில்லை. ஓட்டுகிறவனின் வேலை ஓட்டுவது. புதுப்பேட்டையில் பழைய எஸ்டீம் எஞ்சின் முழுதாகவே கிடைக்கும், அதன் விலை நான் ஒரு சீசனுக்கு டயருக்குச் செலவழிப்பதைவிடக் குறைவு. கோப்பை அப்படிக் கிடைக்காது. என் வயதில், என் வேகத்தில், மூன்றாவது இடம் இன்னொரு தடவை வாய்க்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. எஞ்சினைக் கொடுத்துக் கோப்பையை வாங்கியிருக்க வேண்டும் என்கிறான் அவன். கணக்காகப் பார்த்தால் சரிதான்.

பாதுகாப்பு என்று பதில் சொல்லலாம். எஞ்சின் ஓட்டத்தில் பிடித்துக்கொண்டால் முன்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். அது சி1இல் முழு வேகத்தில் நடந்தால் நானும் காலி, தார்மேல் கொட்டும் ஆயிலில் பின்னால் வருகிறவர்களும் காலி. இது உண்மை, இதைச் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். ஆனால் கை சுவிட்சுக்குப் போனபோது என் மனதில் இருந்தது அதுவல்ல. ஹெட் போல்ட்டுகள் இருந்தன. அவற்றை எந்த வரிசையில் தளர்த்த வேண்டும், எந்த வரிசையில் எவ்வளவு முறுக்கு விசையில் இறுக்க வேண்டும் என்று தெரிந்த கை அது. அந்த எஞ்சினை மூன்று தடவைக்கு மேல் பிரித்துக் கோத்திருக்கிறோம். உள்ளே என்ன வெந்துகொண்டிருக்கிறது என்று கண்ணை மூடினாலும் தெரியும். தெரிந்த பிறகும் மிதிப்பதற்குக் கால் வரவில்லை. அவ்வளவுதான்.

வாடகை சீட்டில் உட்கார்ந்திருந்தால் மிதித்திருப்பேனா? மிதித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதில் தப்பும் இல்லை. அங்கே எஞ்சினைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார், சூடு ஏறினால் எஞ்சின் கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்துவிடும், ரேடியோவில் ஒருவர் "உள்ளே வா" என்பார். ஓட்டுகிறவன் ஓட்டினால் போதும் என்கிற ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடு. திறமையைத் திறமையோடு மட்டும் மோதவிட அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் நான் ஐந்தாவது சுற்றிலிருந்து எட்டாவது வரை செய்ததற்கு அங்கே இடமே கிடையாது. காலில் படும் காற்றை வைத்து எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று அறிவதும் வண்டி ஓட்டுவதில் சேர்ந்ததுதான் என்று நான் சொன்னால் நண்பன் சிரிக்கிறான். "அது மெக்கானிக் வேலைடா" என்கிறான்.

நம் ஊரில் இந்த இரண்டும் இவ்வளவு தூரம் பிரிந்தது அண்மையில்தான். சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுபாதையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய காலத்தில் வீட்டு வண்டியைப் பிரித்துக் கட்டியவர்கள்தான் வரிசையின் பெரும்பகுதி. விஜய் மல்லையா பழைய என்சைன் ஃபார்முலா 1 வண்டியைக் கொண்டுவந்து ஓட்டியதும் அதே தார்மேல்தான். அதைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது என்பார் பாய். ஆனால் அவருக்கு நினைவில் நிற்பது, முந்தின இரவு லாந்தர் வெளிச்சத்தில் ஃபியட் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டை வந்தது. அதற்குச் சற்று முன்பு கோயம்புத்தூர்க்காரரான கரிவர்தன், மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதியைக் கட்டினார். வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய வழியில்லாதவனும் ஒற்றை இருக்கை வண்டி ஓட்டலாம் என்றாகியது. பின்னாளில் ஃபார்முலா 1 வரை போன நரேன் கார்த்திகேயன் ஆரம்ப காலத்தில் ஓட்டியது அதைத்தான். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்தில் இருக்கும் டிராக்குக்கு அவர் பெயர். ஒரே மாதிரி வண்டி, குறைந்த செலவு என்கிற இன்றைய வாடகை சீட் ஏற்பாடுகளுக்கெல்லாம் இங்கே வழிபோட்டவர்களில் ஒருவர் அவர். தானே வண்டி கட்டியவரும் அவர்தான். இரண்டு கட்சிக்கும் அவரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம். நானும் நண்பனும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டோம்.

2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஃபார்முலா 4 பந்தயம் நடந்ததே, அப்போது என் அலுவலகத்தில் பாதிப் பேர் பந்தய நிபுணர்களாகிவிட்டார்கள். மகிழ்ச்சி. ஆனால் நான் பந்தயம் ஓட்டுகிறேன் என்றால் அவர்கள் மனதில் வருவது அந்த விளக்குகளும் கூட்டமும். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கேலரியில் இருப்பது ஓட்டுகிறவர்களின் மனைவிமார், மாமனார், தூங்கிப்போன குழந்தை ஒன்று. முடிவுப் பட்டியலில் என் பெயருக்கு நேரே டிஎன்எஃப் என்று மூன்று எழுத்து. எட்டுச் சுற்று எப்படி ஓட்டினான் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. அது இருக்க வேண்டும் என்று நான் கேட்கவுமில்லை. பட்டியல் சரியாகத்தான் இருக்கிறது. முடிக்கவில்லை, அதனால் முடிக்கவில்லை என்று போட்டிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை பாடிக்குப் போனேன். ஹெட்டை இறக்கி பெஞ்சில் கவிழ்த்து வைத்திருந்தார் பாய். தண்ணீர் ஓடும் துளைகளெல்லாம் மஞ்சள் சேறு. கேஸ்கெட்டில் இரண்டாவது மூன்றாவது சிலிண்டருக்கு நடுவில் கறுத்த தடம். நேர்மட்டக் கம்பியைக் குறுக்கே வைத்து, அதன் அடியில் ஃபீலர் கேஜை, அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளைச் செருகிப் பார்த்தார். மேனுவல்படி 0.05 மில்லிமீட்டர் வரைக்கும் விடலாம். 0.10 தகடு நடுவில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, 0.15 போகவில்லை. லேத்தில் கொடுத்துச் சீவினால் சரியாகிவிடும். பிளாக்கின் மேல்முகம் நேராக இருந்தது, சிலிண்டர் சுவர்களிலும் கீறல் இல்லை.

"பாய், அந்த ரெண்டு லேப்பையும் ஓட்டியிருந்தா போயிருக்கும்ல?" என்று கேட்டேன். ஆமாம் என்று அவர் சொல்ல வேண்டும் என்பதற்காகவே கேட்டது.

அவர் தகட்டைத் துடைத்து உறைக்குள் வைத்துவிட்டு, "யாருக்குத் தெரியும்? தாங்கியிருந்தாலும் தாங்கியிருக்கும். சில எஞ்சின் தாங்கும்" என்றார்.

இதை நண்பனிடம் அப்படியே சொன்னேன். "பாத்தியா!" என்று போனிலேயே கத்தினான். அடுத்த சீசனுக்கு அவன் வகுப்பில் ஒரு சீட் காலியாகிறதாம், நான் சரி என்றால் பேசி வைக்கிறானாம். யோசிக்கிறேன் என்றேன். பொய்யில்லை, யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பாய் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறார். புது ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஹெட் கேஸ்கெட், இரண்டு பக்கத்துக்கும் டிரைவ் ஷாஃப்ட் பூட். ஹீட்டருக்குள்ளும் மஞ்சள் போய் அப்பியிருக்கிறது, அதைக் கழற்றித் தண்ணீர் விட்டு அலச வேண்டும். கழற்றுவதுதான் கழற்றுகிறோம், அப்படியே விட்டுவிடலாமே, எடையாவது குறையும் என்றேன்.

"அது இருக்கட்டும்" என்றார்.